விளையாட்டு தயார், எப்போது விடுவது? ஸ்டீமில் வெளியீட்டு நாள் குறிக்க வன்னியிலிருந்து ஒரு முழு வழிகாட்டி

என் முதல் விளையாட்டை ஒரு தைப்பொங்கல் அன்று வெளியிட்டேன். நல்ல நாள் என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை. அம்மா முற்றத்தில் பானை வைத்தார், பால் பொங்கியது, நான் உள்ளே போய், கணினி விளையாட்டுகள் விற்கும் இணையக் கடையான ஸ்டீமில் பொத்தானை அழுத்தினேன். விற்பனைப் பக்கம் திறந்து அப்போது பதினாறு நாள்தான். விஷ்லிஸ்டில், அதாவது வாங்க விரும்பிக் குறித்து வைக்கும் பட்டியலில், நூற்றுச் சொச்சம் பேர், அதில் பாதிப் பேர் ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்கும் சொந்தக்காரர். டிசம்பர் தள்ளுபடியில் வேண்டியதையெல்லாம் வாங்கிக் குவித்துவிட்டு ஆட்கள் காசைப் பொத்திப் பிடிக்கும் கிழமை அது. இரண்டாம் நாள் மத்தியானம் ஸ்டீமின் எந்தப் பட்டியலில் தேடியும் என் விளையாட்டு இல்லை.

அதே வருடம் அப்பா சிறுபோக நெல் விதைப்புக் கூட்டத்துக்குப் போய் வந்தார். இரணைமடுக் குளத்தின் கீழ் வயல் செய்பவர்களுக்கு இந்தக் கூட்டம் தெரியும். குளத்தில் இத்தனை அடி தண்ணீர், ஆகவே இத்தனை ஏக்கர், விதைப்பு இந்தத் தேதிக்குள், கடைசித் தண்ணீர் இந்தத் தேதியில். யாருக்கு எந்த நாள் பிடிக்கும் என்ற பேச்சே அங்கே எழுவதில்லை. அப்பா கொண்டுவந்த தாளைப் பார்த்துக்கொண்டு இருந்தபோதுதான் நான் விட்ட பிழை விளங்கியது. இரண்டாவது விளையாட்டுக்கு நாள் குறித்த முறையைக் கீழே எழுதுகிறேன். கிளிநொச்சியில் ஒரு அறையில் தனியாக இருந்து விளையாட்டுச் செய்கிறவரை மனதில் வைத்து எழுதியது. பெரிய நிறுவனத்துக்கு இதில் பாதி பொருந்தாது.

முதலில்: குறிக்க வேண்டியது இரண்டு நாள்

விற்கத் தொடங்கும் நாளைப் பற்றித்தான் எல்லோரும் கேட்கிறார்கள். அதற்கு முன் இன்னொரு நாள் இருக்கிறது: ‘விரைவில் வருகிறது’ என்ற விற்பனைப் பக்கம் திறக்கும் நாள். என் அனுபவத்தில் இந்த முதல் நாளே பெரியது. பக்கம் திறந்தால்தான் ஆட்கள் விஷ்லிஸ்டில் போட முடியும். விஷ்லிஸ்டில் போட்டவருக்குத்தான் வெளியீட்டன்று ஸ்டீம் மின்னஞ்சல் அனுப்பும்.

வெளியீட்டுக்குக் குறைந்தது இரண்டு கிழமைக்கு முன் பக்கம் திறந்திருக்க வேண்டும் என்பது ஸ்டீமின் விதி. அந்த இரண்டு கிழமையைப் போதுமான அளவு என்று எடுத்துக்கொண்டதுதான் நான் செய்த மடத்தனம். ஆறு மாதம் வையுங்கள், ஒரு வருடம் என்றாலும் நட்டமில்லை. விளையாட்டு எப்படி இருக்கும் என்று காட்டக்கூடிய ஐந்து நல்ல படமும் ஒரு சிறு டிரெய்லரும் கையில் வந்த அன்றே பக்கத்தைத் திறந்துவிடலாம். வெளியீட்டு நாளாக வருடத்தை மட்டும் போடலாம், காலாண்டையோ மாதத்தையோ போடலாம். சரியான தேதியை அப்போதே சொல்ல வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, சொல்லவும் வேண்டாம்.

கடதாசி வேலை: நாங்கள் நினைப்பதை விட நாள் தின்னும்

ஒரு விளையாட்டுக்கு 100 டொலர் கட்டணம். விற்பனை வருமானம் 1,000 டொலரைத் தாண்டினால் அந்தக் காசு திரும்பி வரும். கட்டணம் கட்டிய நாளிலிருந்து 30 நாள் கழியாமல் வெளியிட முடியாது. ஆகவே ‘அடுத்த கிழமை விடுவோம்’ என்ற பேச்சு முதல் விளையாட்டுக்குச் செல்லாது.

ஆள் அடையாளம், வங்கி, வரி விபரம் எல்லாம் இதற்கு முன்னாலேயே முடிய வேண்டும். எங்கள் பக்கத்தில் இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. வங்கிப் புத்தகத்தில் அப்பாவின் பெயர் ஒற்றை எழுத்தாக இருக்கும், கடவுச்சீட்டில் முழுதாக இருக்கும், அடையாள அட்டையில் எழுத்துக்கூட்டல் வேறாக இருக்கும். மூன்றும் பொருந்தாவிட்டால் கடிதம் போய்க் கடிதம் வரும். எனக்கு இதிலேயே மூன்று கிழமை போனது. வங்கிக்கு நேரில் போய் கணக்கில் முழுப் பெயரைப் போடுவித்துவிட்டுத் தொடங்குங்கள். வரிப் படிவத்தை அவசரத்தில் நிரப்ப வேண்டாம். அமெரிக்காவில் நடக்கும் விற்பனையில் வழக்கமாக 30% வரி பிடிப்பார்கள். இலங்கைக்கும் அமெரிக்காவுக்கும் இரட்டை வரி ஒப்பந்தம் இருப்பதால், உங்கள் வரி இலக்கத்தைக் கொடுத்து அதைக் கோரினால் அந்தப் பிடிப்பு குறையும்.

குளத்தில் எத்தனை அடி?

விஷ்லிஸ்ட் எண்ணிக்கைதான் எங்கள் குளத்து நீர்மட்டம். முன்பக்கத்தில் விரைவில் வர இருக்கும் பிரபல விளையாட்டுகளுக்கு ஒரு பட்டியல் இருக்கிறது. போதிய விஷ்லிஸ்ட் இருப்பவை வெளியீட்டு நாள் நெருங்கும்போது அதில் ஏறும். அந்த வாசல் எத்தனையில் திறக்கிறது என்று ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனம் சொல்வதில்லை. விளையாட்டுச் செய்பவர்கள் தங்கள் அனுபவத்தை வைத்து 7,000 முதல் 10,000 வரை என்று பேசிக்கொள்கிறார்கள். அதைக் கல்வெட்டாக எடுக்க வேண்டாம். ஆனால் 300 விஷ்லிஸ்டுடன் அந்தப் பட்டியலைக் கனவு காண வேண்டியதும் இல்லை.

மொத்த எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் ஏமாந்து போவோம். ஒவ்வொரு கிழமையும் எத்தனை கூடுகிறது என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். மூன்று விதமான நிலைமையைக் கண்டிருக்கிறேன்.

மெதுவாகவென்றாலும் கிழமைக்குக் கிழமை கூடுகிறது: வாய்க்காலில் தண்ணீர் வருகிறது, நாளை அவசரப்பட்டுக் குறிக்காதீர்கள்.

ஒரு யூடியூப் ஆளோ ஒரு பதிவோ கைகொடுத்து ஒரு நாளில் எகிறி, பிறகு பழையபடி படுத்துவிட்டது: அது ஒரு மழை. என்ன காட்டியபோது எகிறியது என்று பார்த்து அதையே இன்னும் காட்டுங்கள்.

மாதக்கணக்காக ஒன்றும் அசையவில்லை: இங்கே நாளைத் தள்ளிப்போடுவது உதவாது. பிழை படத்தில், டிரெய்லரில், இல்லாவிட்டால் விளையாட்டிலேயே இருக்கிறது. முதல் படத்தை மாற்றிப் பாருங்கள், டிரெய்லரின் முதல் ஐந்து வினாடியில் விளையாடும் காட்சி வருகிறதா என்று பாருங்கள். அப்படியும் அசையாவிட்டால் சின்ன எதிர்பார்ப்புடன் வெளியிட்டு அடுத்ததுக்குப் போவதே மேல். மானாவாரி விதைப்பும் விதைப்புத்தான், ஆனால் அதை நம்பிக் கடன் எடுக்கக் கூடாது. வேலையை விட்டுவிட்டு இறங்கிய ஒரு தம்பிக்கு இதை இரண்டு தரம் சொன்னேன்.

இட்ச்.ஐஓ போன்ற தளங்களில் கட்டணமும் இல்லை, காத்திருப்பும் இல்லை, இன்றே ஏற்றலாம். விளையாட்டு ஆட்களைப் பிடித்து இழுக்கிறதா என்று பார்க்க அது நல்ல நாற்றுமேடை. அங்கே ஒரு சிறு பதிப்பை விட்டுப் பார்த்த பிறகே இரண்டாவது விளையாட்டுக்கு 100 டொலர் கட்டினேன்.

டெமோவும் நெக்ஸ்ட் ஃபெஸ்டும்

ஸ்டீம் வருடத்தில் மூன்று தரம், பெப்ரவரி, ஜூன், ஒக்டோபர் மாதங்களில், நெக்ஸ்ட் ஃபெஸ்ட் என்ற டெமோத் திருவிழா, அதாவது மாதிரிப் பதிப்புகளின் திருவிழா, நடத்துகிறது. ஒரு கிழமை நடக்கும். இன்னும் வெளிவராத விளையாட்டுகளுக்கு மட்டும்தான் இடம். ஒரு விளையாட்டு ஒரே ஒரு தரம்தான் கலந்துகொள்ளலாம். அந்த ஒரு தரத்தை வீணாக்காமல் இருப்பதுதான் நாள் குறிப்பதில் பாதி வேலை.

டெமோ ஓடத் தொடங்கியதும் முதலில் வரும் நெக்ஸ்ட் ஃபெஸ்டில் பெயர் கொடுத்துவிடத் தோன்றும். கொடுக்க வேண்டாம். வெளியீட்டுக்குச் சற்று முன் வரும் ஃபெஸ்டைப் பிடியுங்கள். அதற்குள் டெமோ பல மாதம் ஆட்கள் கையில் புழங்கி, பிழைகள் கழுவப்பட்டிருக்க வேண்டும். டெமோவை முதன்முதல் வெளியிடும்போது விஷ்லிஸ்டில் இருப்பவர்களுக்கு அறிவித்தல் அனுப்பும் வசதியும் இருக்கிறது. ஆகவே ஃபெஸ்ட் தொடங்கும் அன்றுதான் டெமோவைக் காட்ட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பதிவுக்கான கடைசி நாள் ஃபெஸ்டுக்குப் பல கிழமைகளுக்கு முன்னரே முடிந்துவிடும். எனக்குத் தெரிந்த ஒருவர் விழாவுக்கு முந்திய கிழமை பதியப் போய்த் திரும்பி வந்தார்.

நான் செய்த கணக்கு இது: ஜூன் ஃபெஸ்டில் டெமோ, ஜூலை நடுப்பகுதியில் வெளியீடு. ஏன் ஜூன் கடைசியில் இல்லை என்பது அடுத்த பகுதியில் வருகிறது.

நாட்காட்டியில் வெட்டவேண்டிய நாட்கள்

ஒரு வருட நாட்காட்டியைச் சுவரில் ஒட்டிச் சிவப்புப் பேனையை எடுங்கள். நல்ல நாளைத் தேடுவதை விட ஆகாத நாளை வெட்டுவது சுலபம். மிஞ்சுவதில் ஒன்றை எடுத்தால் சரி.

முதல் வெட்டு ஸ்டீமின் பெரிய தள்ளுபடிகளுக்கு. இளவேனில், கோடை, இலையுதிர், குளிர்காலம் என நான்கு. தேதிகளை வால்வ் முன்கூட்டியே அறிவிக்கிறது, இலையுதிர்காலத் தள்ளுபடி 2025இல் நவம்பரிலிருந்து செப்டம்பர் கடைசிக்கு நகர்ந்தது போல மாறவும் செய்யும். ஆகவே போன வருட ஞாபகத்தில் குறிக்காதீர்கள். தள்ளுபடி நடக்கும் நாட்களில் பெரிய பெயர்கள் அரை விலைக்குக் கிடக்கும்போது உங்கள் புதுச் சரக்கு கண்ணில் படாது. தள்ளுபடிக்குச் சற்று முன் வெளியிட்டால் வேறொரு பொறி: வெளியீட்டுத் தள்ளுபடி முடிந்து 30 நாளுக்கு வேறு தள்ளுபடி போட முடியாது. அந்தப் பெரிய தள்ளுபடியில் எல்லோரும் விலை குறைக்க, நீங்கள் மட்டும் முழு விலையில் நிற்பீர்கள். கோடைத் தள்ளுபடி ஜூன் கடைசியில் தொடங்கி ஜூலை முதல் கிழமையைத் தாண்டும். அது முடிந்து ஒரு கிழமையாவது மூச்சு விட இடம் கொடுங்கள்.

இரண்டாம் வெட்டு பெரிய யானைகளுக்கு, அதாவது எல்லோரும் காத்திருக்கும் பெரிய விளையாட்டுகளுக்கு. 2025 ஓகஸ்ட் 21 அன்று ‘ஹாலோ நைட்: சில்க்சாங்’ செப்டம்பர் 4இல் வரும் என்று அறிவித்தார்கள். இரண்டு கிழமை முன்னறிவிப்பு, அவ்வளவுதான். அதற்கு வழிவிட்டு ‘டீமன்ஸ்கூல்’ என்ற விளையாட்டு செப்டம்பர் 3இலிருந்து நவம்பருக்குப் போனது, ‘பேபி ஸ்டெப்ஸ்’ செப்டம்பர் 8இலிருந்து 23க்கு நகர்ந்தது. சில்க்சாங் வெளிவந்த அன்று ஸ்டீம் கடையே தடுமாறி விழுந்தது. உங்கள் வகையைச் சேர்ந்த யானைக்கு மட்டும் விலகுங்கள். நான் செய்தது லாண்ட்மாஸ்டர் என்ற கை உழவு இயந்திரம் ஓட்டி வரம்பு பிரிக்கும் புதிர் விளையாட்டு. துப்பாக்கி விளையாட்டு வரும் கிழமைக்கு நான் பயப்படத் தேவையில்லை. அமைதியான புதிர் விளையாட்டு ஒன்று பெரிதாக வந்தால் பயப்படுவேன். 2024இல் மட்டும் ஸ்டீமில் 18,000க்கு மேல் விளையாட்டுகள் வந்தன. யாரும் வராத நாள் என்று ஒன்று கிடையாது, தேடிக் களைக்க வேண்டாம்.

மூன்றாவது வெட்டு எங்களுடையது. இதை வேறு ஊரார் எழுதிய வழிகாட்டிகளில் காணமாட்டீர்கள்.

ஒக்டோபர் பிற்பகுதியிலிருந்து டிசம்பர் வரை வாடைக் காற்றின் மழை. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது வன்னியில் பல இடங்களில் கரண்டும் இல்லை, போனும் இல்லை, பாதையும் இல்லை. வெளியிட்ட மூன்றாம் நாள் ஒரு பிழையைத் திருத்த முடியாமல் இரணைமடுவின் வான் கதவு திறந்த செய்தியைக் கேட்டுக்கொண்டு இருக்கும் நிலைமையைக் கற்பனை செய்து பாருங்கள். அந்த மூன்று மாதமும் எனக்குச் சிவப்பு. கொழும்பில் இருந்து செய்பவருக்கு ஒக்டோபர் நல்ல மாதமாக இருக்கலாம்.

மே நடுப்பகுதியையும் வெட்டினேன். முள்ளிவாய்க்கால் நினைவு நாளான மே 18ஐச் சுற்றிய நாட்களில் இங்கே கொண்டாடும் மனநிலை யாருக்கும் இராது, எனக்கும் இராது. வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் வைகாசியில் வரும். அந்தக் கிழமை எங்கள் வீட்டில் ஆளே இல்லை, நானும் போய்விடுவேன். காலபோக நெல் அறுவடை, மாசி பங்குனியில். அப்பாவுக்கு நெல்லு மூட்டை ஏற்ற ஆள் வேண்டும்போது, தள்ளுபடி மின்னஞ்சல் எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று சொல்ல முடியாது. வெளியீட்டுக்குப் பிந்திய பத்து நாள் கதிரையை விட்டு எழும்பாத நாட்கள். வீட்டில் யாருக்கு எப்போது நீங்கள் தேவை என்று கேட்டுக் குறியுங்கள்.

எல்லாம் வெட்டிய பிறகு எனக்கு மிஞ்சியவை ஏப்ரல் பிற்பகுதி, ஜூலை நடுவிலிருந்து ஓகஸ்ட் வரை, செப்டம்பர் முற்பகுதி. மடு மாதா திருவிழாவுக்குப் போகிறவர்கள் ஓகஸ்ட் 15ஐயும் கழித்துக்கொள்ளுங்கள்.

கிழமையும் மணியும்

செவ்வாய், புதன், வியாழன். வெள்ளி இரவு வேண்டாம். பிழை வந்தால் வால்வ் ஆட்கள் சனி ஞாயிறில் பதில் சொல்லமாட்டார்கள். செவ்வாய் தொடங்குவதற்கு ஆகாது என்று எங்கள் வீட்டில் ஒரு பேச்சு எழுந்தது. புதன் எடுத்துச் சமாளித்தேன்.

ஸ்டீம் கடை அமெரிக்க மேற்குக் கரை நேரம் காலை 10 மணிக்குத்தான் நாளைப் புரட்டும். அது எங்களுக்கு இரவு 10.30. அமெரிக்காவில் நவம்பர் தொடக்கம் முதல் மார்ச் நடுப்பகுதி வரை மணிக்கூட்டைப் பின்தள்ளி வைப்பதால் அந்த மாதங்களில் 11.30. இரவு 10.30 என்றால் லண்டனில் மாலை 6, ரொறன்ரோவில் மத்தியானம் 1. வெளிநாட்டுச் சொந்தங்கள் விழித்திருக்கும் நேரம், எங்களுக்குக் காத்து குளிர்ந்த நேரம். பகலில் தூங்கி எழும்பிவிட்டு உட்காருங்கள்.

கடைசி முப்பது நாள்

இங்கே வரிசை முக்கியம். விற்பனைப் பக்கத்தையும் விளையாட்டின் பில்டையும் (ஓடக்கூடிய கோப்புத் தொகுப்பு) வால்வ் தனித்தனியாகச் சோதிக்கும். மூன்று முதல் ஐந்து வேலை நாள் வரை எடுக்கலாம், ஒன்றைத் திருப்பி அனுப்பினால் மறுபடியும் அவ்வளவு. நான் பில்டை ஒரு மாதத்துக்கு முன் கொடுத்தேன். ‘கொன்ட்ரோலர் முழுதாக வேலை செய்யும்’ என்று பக்கத்தில் போட்டிருந்தேன், ஒரு மெனுவில் செய்யவில்லை. திரும்பி வந்தது. கடைசிக் கிழமை என்றால் அழுதிருப்பேன்.

வெளியீட்டுக்கு இரண்டு கிழமைக்குள் வந்துவிட்டால் தேதியை நீங்களாக மாற்ற முடியாது, வால்விடம் எழுதிக் கேட்க வேண்டும். ஆகவே உண்மையான முடிவு நாள் வெளியீட்டுக்கு 15 நாள் முன்னால் இருக்கிறது. அன்று காலை முழு விளையாட்டையும் தொடக்கத்திலிருந்து முடிவு வரை, உங்கள் கணினியில் அல்லாமல் வேறொருவரின் பழைய கணினியில், ஒரு தரம் விளையாட விடுங்கள். முடிந்ததா? தேதி நிற்கட்டும்.

வெளியீட்டுத் தள்ளுபடியையும் வெளியிடுவதற்கு முன்பே அமைக்க வேண்டும், பிறகு போட முடியாது. 40% வரை போடலாம். 10 அல்லது 15% போதும் என்பது என் கருத்து. முதல் நாளே மலிவாக விற்றால் பிறகு குறைக்க இடம் இராது.

இணைய லைன் விஷயம். பெரிய பதிவேற்றத்தை முந்திய கிழமையே முடித்துவிடுங்கள். வெளியீட்டு இரவு செய்ய வேண்டியது பொத்தானை அழுத்துவது மட்டும், அதற்குப் போன் டேட்டா போதும். இரண்டு வேறு வலையமைப்பின் சிம், ரவுட்டருக்கு ஒரு சின்ன யூ.பி.எஸ், ஸ்டீம் கார்ட் (உள்நுழையக் குறியீடு தரும் வசதி) உள்ள போனில் முழுச் சார்ஜ். ஸ்டீம் பில்டைச் சிறு துண்டுகளாக வெட்டி, மாறிய துண்டை மட்டுமே மேலே ஏற்றும். ஆகவே திருத்தங்கள் சின்னதாகத்தான் போக வேண்டும். ஆனால் எல்லாவற்றையும் ஒரே பெரிய கோப்பில் அடைத்து வைத்தால் சின்ன மாற்றமும் நூற்றுக்கணக்கான எம்பியாகலாம். முந்திய கிழமையே ஒரு பொய்த் திருத்தம் ஏற்றி எவ்வளவு நேரம் போகிறது என்று பாருங்கள். எனக்கு முதல் தரம் மூன்று மணித்தியாலம். கோப்புகளைப் பிரித்த பிறகு பன்னிரண்டு நிமிடம்.

தள்ளிப்போடலாமா?

விளையாட்டு இடையில் நின்றுபோகிறது, சேமித்தது அழிகிறது என்றால் யோசிக்காமல் தள்ளுங்கள். இரண்டு மணித்தியாலத்துக்குக் குறைவாக விளையாடி, வாங்கி 14 நாளுக்குள் கேட்டால் காசு திரும்பிவிடும் என்பது வாங்குபவர்களுக்கு நன்றாகத் தெரியும். ‘இன்னும் ஒரு கட்டம் சேர்த்தால் நல்லாயிருக்கும்’ என்பதற்காகத் தள்ளாதீர்கள். அது வெளியீட்டுக்குப் பிறகு புது வரவாகப் போகட்டும். எர்லி அக்சஸ் என்று பாதியில் விடுவதையும் ஒத்திகையாக எண்ணக்கூடாது. விஷ்லிஸ்டில் காத்திருந்தவர் அன்றைக்குத்தான் முதன்முதலாக உங்களைப் பார்ப்பார்.

அந்த இரவும் பிறகு பதினான்கு நாளும்

அழுத்திய பிறகு கடையில் போய் உங்கள் பக்கத்தைத் திறந்து, விலை சரியா, வாங்கும் பொத்தான் வந்ததா என்று பாருங்கள். வேறொருவரைக் கொண்டு வாங்கி இறக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு மதிப்புரைகள்: பத்து வரும்வரை பக்கத்தில் மொத்த மதிப்பீடு தோன்றாது. ஸ்டீமில் காசு கொடுத்து வாங்கியவரின் மதிப்புரை மட்டுமே அந்தக் கணக்கில் சேரும், நீங்கள் இலவசமாகக் கொடுத்த கீயில் (விளையாட்டைத் திறக்கும் குறியீடு) விளையாடியவருடையது சேராது. இங்கே சிநேகிதர் பலரிடம் வெளிநாட்டில் செல்லும் வங்கி அட்டை இல்லை என்பதால் இதை முன்பே யோசிக்க வேண்டும். வெளிநாட்டு மச்சான் உண்மையில் விளையாடுகிறவர் என்றால் வாங்கச் சொல்லுங்கள், விளையாடாமல் ஐந்து பேரைக் கூட்டிப் புகழ்ந்து எழுதச் செய்ய வேண்டாம். அது ஸ்டீமின் விதிக்கும் புறம்பு.

பிழைப் பட்டியலை முதல் மூன்று நாள் மட்டும் தூக்கத்துக்கு மேலாக வையுங்கள். பெரிய திருத்தமோ புதுக் கட்டமோ வந்தால் அதற்கென்று ஐந்து தரம் வரை ஸ்டீமில் கூடுதல் காட்சிச் சுற்று, அதாவது கடையில் உங்கள் விளையாட்டைக் கூடுதலாகக் காட்டும் வாய்ப்பு, எடுக்கலாம். முதல் கிழமையிலேயே அதைச் செலவழிக்காதீர்கள்.

வெளியீட்டுத் தள்ளுபடி முடிந்த நாளிலிருந்து 30 நாள் எண்ணி அதற்கடுத்த தேதியை நாட்காட்டியில் பச்சையில் குறியுங்கள். 20% அல்லது அதற்கு மேல் குறைத்தால், விஷ்லிஸ்டில் போட்டும் வாங்காமல் இருப்பவருக்கு மறுபடியும் ஒரு மின்னஞ்சல் போகும். ஜூலை 15இல் வெளியிட்டு 14 நாள் தள்ளுபடி வைத்த எனக்கு அது ஓகஸ்ட் கடைசியில் விழுந்தது. அந்த நாளுக்கும் மேலே சொன்ன வெட்டுகளைப் போட்டுப் பார்த்தேன். செப்டம்பர் முதல் புதனுக்கு நகர்த்தினேன்.